சனிக்கிழமை ஒப்பிப்பும் தேவபிரசாதத்தின் வானமும்

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் தேவபிரசாதத்தின் எழுத்தைப் படிக்காமல் தெருவில் நடந்திருக்க முடியாது. அரிசி மண்டி போர்டு அவர் எழுதியது. சலூன் கண்ணாடி அவர் எழுதியது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளின் முகப்பில் மாதா பேரும் அந்தோணியார் பேரும் அவர் கைதான். எழுதினது யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘அந்த நாசரேத்துக்காரர்’ என்பார்கள், அதற்குமேல் அவர்களிடமும் விஷயம் இருக்காது.

நான் பிச்சையா. கிரேட் காட்டன் ரோட்டிலிருந்து கடல் பக்கம் திரும்புகிற சந்தில் எனக்குக் கருப்பட்டிக் காப்பிக் கடை. என் கடை போர்டும் அவர் எழுதியதுதான். தினமும் காலையில் வருவார், காப்பி குடிப்பார், போவார். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, நகக்கண்ணில் வர்ணம். ‘காப்பி’ என்று ஒரு வார்த்தை, ‘வாரேன்’ என்று ஒரு வார்த்தை. மழை பெய்தால் ‘மழை’ என்பார். அவரோடு பேசுவதைவிட என் பாய்லரோடு பேசலாம் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

நாசரேத்தில் சித்திரமும் தச்சும் படித்தவர். தாயாரோடு இங்கே வந்து, கடற்கரைப் பக்கம் ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடைத்த கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, முன்பாதியில் வேலையும் பின்பாதியில் குடித்தனமுமாக இருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு இடம் பார்த்தார்கள், இரண்டும் தட்டிப்போயிற்று. மூன்றாவது இடத்துக்குப் பெண் பார்க்க இவரே போகவில்லை. யுத்தம் தொடங்குவதற்கு முன்னால் தாயாரும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிட்டங்கிக்குள் இவர் ஒருவர்தான். அங்கே பேச்சுக்குரல் என்று ஒன்று கேட்டே பல நாள் ஆகியிருக்கும்.

இப்போது ஒப்பிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பால்துரை என்று ஒரு போட்டோக்காரர், நல்ல கலகலப்பான மனுஷர், சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் எடுத்த கல்யாணப் படத்தை வாங்க, மாப்பிள்ளை பெண்டாட்டியை மட்டுமல்ல, இடுப்பில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவான். சிவனாண்டி என்று ஒரு நாடக வாத்தியார். பாட்டு எழுதுவார், வசனம் எழுதுவார், கேட்டால் கல்யாண வாழ்த்தும் எழுதித் தருவார். வாழ்த்து வந்து சேரும்போது பந்தலைப் பிரித்தாயிருக்கும், வாழைமரத்தை மாடு தின்றிருக்கும். இருவரும் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. மேலே முதலாளி இல்லை, அவ்வளவுதான். அதட்ட ஆள் இல்லாதவனுக்கு ‘நாளைக்கு’ என்கிற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிடும்.

ஒருநாள் அரிசி மண்டிக்காரர், சொன்ன நாளில் வேலை முடியாததற்காக, என் கடையில் வைத்தே இருவரையும் கிழி கிழி என்று கிழித்துவிட்டார். அவர் போன பிறகு பால்துரை சொன்னார், “வே, நமக்கு மேல ஒரு துரை இல்ல. ஒருத்தருக்கு ஒருத்தர் துரையா இருந்துகிடுவோம்.” ஸ்டூடியோவுக்குப் பின்திரை எழுதித் தந்த பழக்கத்தில் தேவபிரசாதத்தையும் அவரே இழுத்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் சனிக்கிழமை சாயங்காலம் என் கடையின் பின்கட்டில் கூடுவது என்று ஏற்பாடாயிற்று. அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னதை முடிப்பேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை முடிந்ததா இல்லையா என்று ஒப்பிக்க வேண்டும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வசனம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது என்று அதற்கு ஒப்பிப்பு என்றே பேர் வைத்தார்கள்.

சட்டதிட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. முடியவில்லை என்றால் ‘முடியலை’ என்று மட்டும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக்கூடாது, மற்றவர்கள் கேட்கவும் கூடாது. இது சிவனாண்டியை உத்தேசித்து வைத்த சட்டம். அவரைக் காரணம் சொல்ல விட்டால் அது நாடகத்தைவிட நன்றாக இருக்கும், விடிந்துவிடும். முடிக்காதவர் அன்றைக்குக் காப்பியை நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, முடிக்காதவருடைய இடத்துக்கு அந்த வாரம் மற்ற இருவரும் ஆளுக்கு ஒருநாள் போய் எட்டிப் பார்க்க வேண்டும். சிவனாண்டி போக வேண்டிய நாள் செவ்வாய், பால்துரை போக வேண்டியது வியாழன், தேவபிரசாதம் வெள்ளி. போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் கை வேலை செய்யும் என்பது பால்துரையின் கணக்கு.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. இரண்டு சோம்பேறி சேர்ந்தால் ஒரு சுறுசுறுப்பு வருமா என்று நினைத்தேன். ஆனால் வந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே கல்யாணப் படம் கைக்கு வந்தது. வாழ்த்துப்பாவை முகூர்த்தத்திலேயே வாசித்தார்கள். தேவபிரசாதத்தைக் கேட்கவே வேண்டாம், வாராவாரம் ‘முடிஞ்சுது’ என்பார். மற்ற இருவரும் ‘நல்லது’ என்பார்கள். அப்புறம் பேச்சு அடுத்தவருக்குப் போய்விடும். அவர் காப்பியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷம் போல அப்படிப் போயிற்று. பிறகு அவருக்குக் காய்ச்சல் கண்டது. முதல் தடவையாக ‘முடியலை’ என்றார், நின்றுகொண்டு காப்பி குடித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை சிவனாண்டி கிட்டங்கிக்குப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, தான் எழுதப்போகிற புது நாடகத்தின் கதையைச் சொன்னார். வியாழக்கிழமை பால்துரை என் கடையில் வடை வாங்கிக்கொண்டு போய், ஊர் வம்பையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வந்தார். காய்ச்சல் விட்டு வந்த மனுஷர் என்னிடம், “அண்ணாச்சி, சிவனாண்டி நல்லாப் பாடுதாரு,” என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் புது நாடகத்தை எழுதி முடிக்கச் சிவனாண்டிக்கு ஒரு வருஷம் பிடித்தது. கொழும்புக்குப் போன தோணி திரும்பி வரவில்லை. தோணியோட்டுகிற தண்டலின் பெண்டாட்டி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதுதான் கதை. கேட்கிறவர்கள் பாதிப் பேர் வீட்டில் தோணிக்குப் போன ஆள் உண்டு, கேட்க வேண்டுமா. அதற்குப் பின்திரை எழுத தேவபிரசாதம் ஒத்துக்கொண்டார். துணிக்குப் பஞ்சமான நேரம், காடாத்துணி கண்ணில் காணக் கிடைக்காது. கிழிந்த தோணிப் பாய் ஒன்றைத் தைத்துச் சரிசெய்து அதில்தான் எழுதினார். கீழே கடல், மேலே அந்திநேரத்து வானம். தைப்பொங்கல் கழிந்து நாடகம். ஐப்பசியில் வேலை தொடங்கியது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, “கடல் முடிஞ்சுது. வானம் முடியலை,” என்று ஒப்பித்தார். அடுத்த வாரமும் வானம் முடியலை. அதற்கடுத்த வாரமும் அதே ஒப்பிப்பு. இருவரும் கேலி பண்ணினார்கள். “ஆண்டவரே வானத்தை ஒருநாளில செஞ்சாரு வே, உமக்கு ஏன் இம்புட்டு நாளாகுது?” என்றார் பால்துரை. தேவபிரசாதம் நின்றுகொண்டு காப்பி குடித்தார். குடித்தது மட்டுமல்ல, சிரித்துக்கொண்டே குடித்தார். தண்டனை வாங்குகிறவன் முகமா இது என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

சட்டப்படி செவ்வாயும் வியாழனும் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். சிவனாண்டி பாட்டைப் பாடிக் காட்டுவார், இவர் தூரிகையைப் பிடித்தபடி கேட்பார். பால்துரை வடை கொண்டுபோவார். அந்த இரண்டு நாளும் தேவபிரசாதம் காலையிலேயே என் கடையில் கருப்பட்டி வாங்கிப் போவார். வருகிறவர்களுக்குத் தன் கையால் காப்பி போட.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, கடை போர்டில் உப்புக்காற்று அரித்த இடத்தைச் சரிசெய்து தரச் சொல்லலாம் என்று நான் கிட்டங்கிக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. சுவர் முழுக்கப் பின்திரை தொங்கியது. கடல் நம்ம கடல்தான், அலையில்லாத கலங்கின கடல். மேலே வானம். செம்மண் நிறத்தில் ஒரு மேகம், அதன் ஓரத்தில் மஞ்சள், வெளிச்சம் போகப்போகிற நேரத்தில் ஒரு சாம்பல் வருமே, அதுவும் இருந்தது. எனக்குச் சித்திரம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குறை சொல்ல முடியாது, முடிந்த வானம். அதன்முன் ஏணியில் நின்றுகொண்டு தேவபிரசாதம், சீமைச்சுண்ணாம்பைப் பசையில் குழைத்த வெள்ளையை அகலத் தூரிகையில் எடுத்து, அந்த மேகத்தின் மேலேயே இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன வே செய்யுதீரு?” என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “வானத்தை அழிக்கேன், அண்ணாச்சி.”

“நல்லாத்தான இருக்கு. எதுக்கு அழிக்கணும்?”

நான் ஒப்பிப்பில் சேர்ந்தவன் இல்லை. காரணம் கேட்கக்கூடாது என்கிற சட்டம் என்னைக் கட்டாது. அது அவருக்கும் தெரியும். ஏணியிலிருந்து இறங்கி வந்து, தூரிகையைத் தகரத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“முடிஞ்சிட்டா அவங்க வர மாட்டாங்க.”

“யாரு?”

“சிவனாண்டி செவ்வாக்கிழமை வாராரு. பால்துரை வியாழக்கிழமை வாராரு. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா அடுத்த ஆளு கதைக்குப் போயிருவாங்க. இங்கன வாரதுக்கு அவங்களுக்கு ஒரு சோலி வேணும்லா.”

வாராவாரம் எழுதி முடித்து வாராவாரம் அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. “உமக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டாங்களா?”

“கூப்பிட்டு வரலைன்னா?” என்றார்.

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “இந்தச் சனிக்கிழமை முடிஞ்சுதுன்னு சொல்லும். சொல்லலைன்னா நான் சொல்லிருவேன். ஒரு மனுஷன் வருஷம் பூராவும் உக்காந்து எழுதின நாடகம், அதோட விளையாடாதேயும்,” என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். வந்த காரியத்தைச் சொல்ல மறந்துபோனேன். போர்டு அப்படியே இருந்தது.

அவர் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டார். வானத்தை மறுபடி எழுதினார், சனிக்கிழமை ‘முடிஞ்சுது’ என்றார். இருவரும் சந்தோஷப்பட்டார்கள், சிவனாண்டி அவரைக் கட்டிப்பிடித்தே விட்டார். அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான். பிறகு பால்துரை போட்டோ காகிதம் கிடைக்காத கதையைத் தொடங்கினார், பேச்சு அங்கே போயிற்று. அந்தச் செவ்வாய்க்கிழமை கிட்டங்கிக்கு யாரும் போகவில்லை, வியாழக்கிழமையும் போகவில்லை. போக வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லையே.

பின்திரைக்கு வர்ணம் எண்ணெயில் குழைப்பதில்லை, வச்சிரம் காய்ச்சி அந்தப் பசையில் குழைப்பது. மெல்லிசாகப் பூசினால் துணியைச் சுருட்டலாம், விரிக்கலாம், ஒன்றும் ஆகாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினால் துணி அப்பளம்போல் விறைத்துவிடும். சுருட்டினால் வெடிக்கும். தேவபிரசாதத்துக்கு இது தெரியாதா? தெரியும். கீழே எத்தனை வானம் கிடக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏன் என்று கேட்பார்களே.

துறைமுகப் பக்கம் விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் நாடகத்தை வெயில் தாழ்ந்ததும் தொடங்கிப் பொழுது இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நல்ல கூட்டம். தோணிக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்து, மூங்கிலில் சுருட்டியிருந்த கடற்கரைத் திரையை இறக்கியதும் கூட்டமே ஒரு மூச்சு இழுத்தது. என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், “ஏளா, நம்ம கரைதான்,” என்று மகளிடம் சொன்னாள். தண்டலின் பெண்டாட்டி வேஷக்காரன் வந்து நின்று பாட்டை எடுத்தான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

அப்போது கடல்காற்று அடித்துத் திரை ஒரு தடவை புடைத்து அடங்கியது. வானம் உதிர்ந்தது. முதலில் பொடியாக, பிறகு உள்ளங்கை அகலத்துக்குப் பொருக்குப் பொருக்காக. செம்மேகம் பாடிக்கொண்டிருந்தவன் தலையில் விழுந்தது, மஞ்சள் தோளில் விழுந்தது. அவன் ‘எங்கே சென்றாயோ’ என்று இழுத்தான், இழுத்த இடத்தில் தும்மினான். மறுபடியும் தும்மினான். பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் ஆண்கள் சிரித்தார்கள், கடைசியில் அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த நாடகத்தில் யார் செத்தாலும் சிரிப்புதான். சிவனாண்டி ஆர்மோனியத்தின்முன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். சிவனாண்டி உட்காரவில்லை.

“காரணம் கேக்கக்கூடாதுன்னு சட்டம். நான் கேக்கேன். ஏன் வே?”

தேவபிரசாதம் எழுந்து நின்றார். என்னிடம் சொன்னதையே சொன்னார், மாற்றவும் இல்லை, மழுப்பவும் இல்லை. “நீங்க வாரதுக்காகத்தான் அழிச்சேன். மன்னிச்சிரும்.”

பால்துரைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அரைகுறையாகச் சிரித்துவைத்தார். சிவனாண்டி சிரிக்கவில்லை. “உமக்கு உக்காந்து பேச ஆளு வேணும்னு என் நாடகத்தைக் கொன்னுட்டீரு,” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒப்பிப்பு அதோடு முடிந்தது. பால்துரை இரண்டு வாரம் வந்தார், இரண்டு பேர் உட்கார்ந்து என்ன ஒப்பிப்பது, அவரும் நின்றுவிட்டார்.

தேவபிரசாதம் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பின்கட்டில் நின்றுகொண்டு காப்பி குடித்துவிட்டுப் போவார். உட்காரும் வே என்றால் உட்கார மாட்டார். ‘நீர் போய்ப் பார்க்கக்கூடாதா’ என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். போர்டைப் பற்றிப் பேசினேன், கருப்பட்டி விலையைப் பற்றிப் பேசினேன், அப்புறம் எனக்கும் பேச ஒன்றும் இல்லை, அவருக்கும் இல்லை. அவர் பழகின குரல் வேறு. அவருக்கு வேண்டியது அந்தப் பாட்டுக் குரலும் அந்த வம்புக் குரலும். எந்த வேலையைக் கொடுத்தாலும் சொன்ன நாளில் முடித்துவிடுவார். முடித்த போர்டுகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும், நடுவில் இவர் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சித்திரை கழிந்தது, வைகாசியும் வந்துவிட்டது. என் கடை போர்டை ஒருவழியாக நான் கழற்றிக் கொடுத்து, அவர் எழுதி முடித்திருந்தார், வாங்கிவரப் போனேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். போர்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. சிவனாண்டி. கையில் அதே குடை. எங்கள் இருவரையும் பார்த்தார். உள்ளே வந்து, மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

தேவபிரசாதம் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்.

“வேண்டாம்,” என்றார் சிவனாண்டி. “எனக்குக் கோவம் போகலை.”

“தெரியும்.”

“போகவும் செய்யாது.”

“சரி.”

சிவனாண்டி கதவைப் பார்த்தபடியே, “எழுத்தும் ஓடலை,” என்றார். “யாருகிட்டப் போய் முடியலைன்னு சொல்ல?”

தேவபிரசாதம் காப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வேலையில் உட்கார்ந்தார். ஒரு மருந்துக்கடை போர்டு. நான் கிளம்பலாம் என்றால் கால் வரவில்லை. இருட்டத் தொடங்கியதும் சிவனாண்டி எழுந்து குடையை எடுத்தார். வாசல்படி தாண்டிவிட்டார்.

“நாளைக்கும் வாரும்,” என்றார் தேவபிரசாதம்.

கை முழுக்க வர்ணத்தோடு எழுந்து நின்றார். தாயார் போன பிறகு ஒருவரையும் அவர் வா என்று கூப்பிட்டதில்லை. என் கண்முன்னால் கூப்பிட்டார்.

சிவனாண்டி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த ஒரு வார்த்தையைக் கார்த்திகையில சொல்லியிருந்தீருன்னா என் நாடகம் பொழைச்சிருக்கும் வே,” என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

மறுநாளும் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் அன்றைக்குக் காப்பி குடித்தாராம்.